சூளையின் திங்கட்கிழமை

அன்று காலை எலிசேயோவால் குனிய முடியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொண்டான். ஷூவை எடுக்கப் போனவன் பாதியில் அப்படியே நின்றுவிட்டான். இடுப்பு மூட்டுக்குள் ஆப்பு அடித்த மாதிரி வலி. மேலுதட்டில் வேர்வை துளிர்த்தது. மூன்று நாளாகச் சூளைக்குள் சுடாத பச்சைச் செங்கல் அடுக்கியவன் அவன். கல்லை வாங்குவதும் திரும்பி வைப்பதுமாக ஒரே பக்கமாகத் திருகித் திருகி இடுப்பு போய்விட்டது. ஆட்டத்துக்கு முன்னால் ஒருநாள் லீவு கேட்டதற்கு மேஸ்திரி, "பந்து அடிக்கறதுக்கெல்லாம் லீவு கொடுத்தா, நாளைக்கு மீன் புடிக்கப் போறேன்னு வந்து நிப்பே" என்று சொல்லிவிட்டார்.

நான்தான் ஷூ மாட்டிவிட்டேன். நான் அவனுக்கு அக்கா, தெல்ஃபினா. கல் சுமந்து சுமந்து என் முதுகும் லேசில் வளையாது. தரையில் உட்கார்ந்துகொண்டுதான் கயிறு கட்டினேன்.

"இன்னும் இறுக்கு அக்கா."

"இதுக்கு மேல இறுக்கினா கால் நீலம் பாரிச்சுரும்டா."

"பாரிக்கட்டும். ஒரு மேட்ச்தானே."

வாசலில் என் புருஷன் செகுந்தோ மாத்தே இலைக் கஷாயத்தை உறிஞ்சிக்கொண்டு நின்றான். "என்ன மாப்ளே, எழுந்து நிக்கவே ஆள் வேணுமா? ஆடும்போது உங்க அக்காவையும் உள்ள கூட்டிட்டுப் போயிடு. ஆளுக்கொரு கால்."

"போன வருஷம் நீ ரெண்டு காலோடதானே போனே மச்சான்?"

போன வருஷம் ஆடியது செகுந்தோ. ஆட்டத்துக்கு முந்தின வாரம் சூளைக் கதவில் உள்ளங்கை வெந்துபோய், மட்டையைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆடித் தோற்றான். அதற்கு முந்தின வருஷம் ஆடித் தோற்றவன் இப்போது இந்த ஊரிலேயே இல்லை.

எலிசேயோ வலி தெரியாமலிருக்கக் கன்னத்தில் கோக்கா இலையை அடக்கிக்கொண்டு கதவைப் பிடித்து எழுந்தான். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "காலை அடக்கிக்கோ. தடத்தைத் தொடாதே."

"தெரியும் அக்கா."

"தெரியும்னுதான் சொல்லுவே. நேத்துகூடக் கல்யாண வீட்டு முற்றத்துல மாப்பிள்ளையோட ஷூத் தடத்தை நடுக்கூட்டத்துல நின்னு தேய்ச்சே."

அவனுக்கு அது வியாதி மாதிரி. சூளைக்கு வருமுன் தினமும் காலையில் டென்னிஸ் கிளப்பில் ஆடுகளங்களைக் கூட்டுகிற வேலை அவனுடையது. பந்து விழுந்த தடம், கால் வழுக்கிய தடம் எதைக் கண்டாலும் நுனிக்காலால் ஓர் இழுப்பு, குதிகாலால் ஒரு தட்டு, மண் சமமாகிவிடும். பத்து வருஷமாகச் செய்து செய்து, கண் பார்க்குமுன் கால் போய்விடும். செங்கல் தூள் பரப்பிய களத்தில் ஆடும்போது அது கூடாது. பந்து விழுந்தால் அங்கே தடம் இருக்கும். உள்ளேயா வெளியேயா என்று சண்டை வந்தால் நடுவர் இறங்கிவந்து தடத்தைப் பார்த்துச் சொல்வார். ஆடுகிறவன் தானே தடத்தை அழித்தால், பாயிண்ட்டை விட்டுக்கொடுத்துவிட்டான் என்று பொருள். அது அங்கே சட்டம்.

எங்கள் ஊர்ப் போட்டிக்குச் செங்கல் கோப்பை என்று பெயர். முதல் களமே ஒரு வீணாய்ப்போன சூளையில் பிறந்தது. எரிகிற சூளையில் மழை இறங்கிக் கல்லெல்லாம் வெடித்துப்போக, அந்தக் காலத்து முதலாளி என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாவற்றையும் இடித்துத் தூளாக்கி வீட்டுக்குப் பின்னால் பரப்பினார். ரயில் கம்பெனியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் நான்கு பேர் வலை கட்டி ஆடினார்கள். அப்புறம் கிளப் வந்தது. ஜெயித்தவர்கள் பெயரெல்லாம் பித்தளைத் தகட்டில் ஏறியது. வெள்ளம் வந்த வருஷம் ரயில் நிலையத்துச் சரக்கு மேடைக்குத் தூளைக் கூடை கூடையாகச் சுமந்துபோய் அங்கே ஆடினார்கள். பட்டாளத்துக்காரன் ஆட்சி நடந்த வருஷங்களில் களத்தின் இரண்டு முனையிலும் துப்பாக்கியோடு ஆள் நின்றான், யாரும் கை தட்டவில்லை. பணம் காகிதமாகிப்போன வருஷம் புதுப் பந்து வாங்க வழியில்லாமல், ரோமம் உதிர்ந்து வழுக்கையான பந்துகளை வைத்தே ஒப்பேற்றினார்கள். ஒரு வருஷம்கூட நிற்கவில்லை என்று கிளப்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள்.

ஒரே ஒரு வருஷம் நிற்கப் பார்த்தது. நிறுத்தப் பார்த்தது நாங்கள்.

எங்கள் தாத்தா காலத்தில் சூளையில் வேலைநிறுத்தம். போட்டிக்குச் சில வாரங்களே இருந்தன. தூள் இடிக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். காற்று களத்தின் மேல்மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. தலைநகரத்திலிருந்து வந்த பெரிய ஆட்டக்காரன் ஒருவன் பயிற்சியில் வழுக்கி முழங்காலைப் பிளந்துகொண்டான். கிளப் பாதிரியாரைத் தூது அனுப்பியது. எங்கள் ஆட்கள் கூலி கேட்டிருக்கலாம். அவர்கள் கேட்டது டென்னிஸ். வருஷத்துக்கு நாற்பது வண்டித் தூள் சும்மா தருகிறோம், அதற்கு ஈடாகப் போட்டியில் சூளைக்கு ஓர் இடம், அப்புறம் திங்கட்கிழமைதோறும் கடைசிக் களம் எங்களுக்கு. ஏன் அதைக் கேட்டார்கள் என்று இன்றைக்கும் யாருக்கும் சொல்லத் தெரியாது. நாள் பூராவும் இடிக்கிற தூளின்மேல் ஒருநாளாவது கையில் உலக்கை இல்லாமல் நிற்கவேண்டும் என்று தோன்றியிருக்கலாம்.

நான் அந்தத் திங்கட்கிழமைகளில் வளர்ந்தவள். கல் சுமந்துவிட்டு மாலையில் போவேன். இரண்டு பந்து அடித்தால் முதுகு கத்தும். ஆனாலும் போவேன். நிமிர்ந்து மேலே பார்த்துச் செய்கிற வேலை எனக்கு வாரத்தில் அது ஒன்றுதான்.

இப்போதைய தலைவர் வக்கீல் அமில்கார் வந்ததும் ஒரு வரி சேர்த்தார். சூளையின் ஆள் தொடர்ந்து மூன்று வருஷம் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் இடம் ரத்து. போட்டியின் தரம் என்று காரணம் சொன்னார். எங்களில் யாரும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வருஷம் வரிசையாக எவன் தோற்பான் என்று சிரித்தோம்.

இது மூன்றாவது வருஷம்.

எலிசேயோவுக்கு எதிராக வந்தவன் ராமிரோ இத்தூர்பே. இடதுகைக்காரன். பத்திரப்பதிவு அலுவலரின் மகன். கெட்டவன் இல்லை. வந்ததும் எலிசேயோவின் தோளைத் தட்டி, "என்னண்ணே, நொண்டறீங்க?" என்று கேட்டான்.

"ஷூ புதுசு தம்பி" என்றான் எலிசேயோ. அந்த ஷூ செகுந்தோவினுடையது.

நாங்கள் எல்லாரும் பின்கோட்டுக்குப் பின்னால் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சூளையில் பாதி ஆள் வந்திருந்தது. கிளப்காரர்கள் மேலே மாடி நிழலில். நடுவர், மருந்துக்கடை ஓஸ்வால்தோ. எங்களுக்குக் கடனுக்கு மருந்து கொடுப்பவர். பொய் சொல்லத் தெரியாதவர். மூட்டுவலி வந்ததிலிருந்து உயர நாற்காலியில் ஏற ஒரு ஆளும் இறங்க ஒரு ஆளும் வேண்டும். கோட்டுக்கெல்லாம் தனி ஆள் வைக்கக் கிளப்புக்கு வசதியில்லை. எல்லாக் கோட்டுக்கும் அவர் ஒருவர்தான் கண்.

முதல் செட் கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. எலிசேயோவால் வலப்பக்கம் ஓட முடியவில்லை. ராமிரோ அதைக் கண்டுபிடித்து அங்கேயே அடித்தான். மாடியில் கிண்ணம் உரசும் சத்தமும் பேச்சும் கேட்டன. யாரும் பார்க்கக்கூட இல்லை.

"டேய், அவனை ஓடவிடு, நீ நில்லு!" என்று செகுந்தோ கத்தினான். "அடுப்புக்கு முன்னால நிக்கறதா நினைச்சுக்கோ!"

எலிசேயோ அதைத்தான் செய்தான். களத்தின் வலது மூலையில் நின்றுகொண்டு, வந்ததையெல்லாம் உயரத் தூக்கித் தூக்கிப் போட்டான். பார்க்க அழகே இல்லை. கல் வாங்கிக் கல் வைக்கிற மாதிரி. ராமிரோவுக்குப் பொறுமை போனது. இரண்டாவது செட்டைத் தவறு செய்தே கொடுத்துவிட்டான். மாடியில் பேச்சு குறைந்தது. வக்கீல் அமில்கார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்றார்.

அவ்வளவு நேரமும் நான் பந்தைப் பார்க்கவில்லை. அவன் காலைத்தான் பார்த்தேன். ஒரு தடத்தைக்கூட அவன் தொடவில்லை. ஒவ்வொரு தடத்தையும் தாண்டிப் போகும்போது கால் துடித்தது, எனக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போனான்.

மூன்றாவது செட்டில் ஐந்துக்கு நான்கு. எலிசேயோவின் செர்வ். நாற்பது, முப்பது. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் எலிசேயோவுக்கு. கம்பிவலை எங்கள் பிடியில் அதிர்ந்துகொண்டிருந்தது.

பந்து நெடுநேரம் போய்ப்போய் வந்தது. கடைசியில் ராமிரோ அடித்த ஒரு பந்து சுழன்று உயர்ந்து, எலிசேயோவின் தலையைத் தாண்டிப் பின்கோட்டோரம் விழுந்தது. விழுந்த இடம் எனக்கு ஐந்தடி தூரம். கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு தெரிந்தது. வெளியே. சந்தேகமே இல்லை.

நடுவர் நாற்காலியிலிருந்து 'வெளியே' என்று சத்தம் வரவில்லை. எலிசேயோ அடிக்காமல் மட்டையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினான். தடத்தை நோக்கிக் கை நீட்டினான். "ஐயா, வெளிய!"

"இருப்பா. வந்து பார்க்கறேன். யாரும் தொடாதீங்க" என்றார் ஓஸ்வால்தோ. ஒரு கையால் நாற்காலியையும் மறுகையால் ஒரு பையன் தோளையும் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தார். ஒரு கால், நிதானம். இன்னொரு கால், நிதானம்.

எலிசேயோ தடத்துக்குக் காவலாக நின்றான். நாங்கள் அதற்குள் கொண்டாடத் தொடங்கிவிட்டோம். யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள். செகுந்தோ தொப்பியை மேலே வீசினான். எலிசேயோ எங்களைத் திரும்பிப் பார்த்தான். அன்று முழுக்க இறுகிக் கிடந்த முகம் தளர்ந்து, பல் தெரியச் சிரித்தான். கண் எங்கள்மேல் இருந்தது.

கால் தன் வேலையைச் செய்தது. இடது கால், வலிக்காத கால். நுனியால் ஓர் இழுப்பு, குதிகாலால் ஒரு தட்டு.

"காலு! டேய், காலு!" என்று நான் அலறினேன்.

அவன் குனிந்து பார்த்தான். அவன் காலடியில் மண் வழவழவென்று சமமாக இருந்தது. தினமும் காலையில் அவன் செய்து வைப்பதுபோல.

ஓஸ்வால்தோ வலையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். "தடம் எங்கே?"

"இங்கதான் இருந்துச்சு ஐயா. வெளிய."

"இருந்துச்சு, சரி. இப்ப எங்கே?"

எலிசேயோ தன் இடது காலைப் பார்த்தான்.

"யாரு அழிச்சது?"

"நான்தான். வேணும்னு செய்யல ஐயா. பழக்கம். கால் தானா போயிடுச்சு."

கிழவர் அந்த இடத்தை நெடுநேரம் பார்த்தார். எங்களுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது அங்கே மிச்சம் இருக்காதா என்று அவரும் தேடினார் என்றுதான் நினைக்கிறேன்.

"ஐயா, நான் பார்த்தேன், ஒரு விரல் வெளிய விழுந்துச்சு!" என்று கம்பிவலைக்குப் பின்னாலிருந்து கத்தினேன்.

"நீ பார்த்திருப்பேம்மா. மண்ணுல இல்லாததை நான் எப்படிப் பார்க்கறது?"

செகுந்தோ எதிர்ப்பக்கம் பார்த்துக் கத்தினான். "ஏம்ப்பா, நீயாவது சொல்லு! அடிச்சவனுக்குத் தெரியாதா?"

ராமிரோ வலை வரை வந்து நின்றான். முகம் சிவந்திருந்தது. "இங்கேருந்து எனக்கு எப்படிண்ணே தெரியும்? நான் பாட்டுக்கு வெளியேன்னு சொல்லி, அது உள்ள விழுந்திருந்தா?"

அதற்கு நாங்கள் என்ன சொல்வது? அவன் இடத்தில் செகுந்தோ இருந்தால் அவனும் அதையேதான் சொல்லியிருப்பான்.

"தடத்தை அழிச்சா பாயிண்ட்டை விட்டுக்கொடுத்ததா அர்த்தம்" என்றார் ஓஸ்வால்தோ மெதுவாக. "உனக்கு நான் சொல்லணுமா எலிசேயோ?"

"வேண்டாம் ஐயா. தெரியும்."

நாற்பது, நாற்பது. அப்போதும் எல்லாம் போய்விடவில்லை. இன்னும் இரண்டு பாயிண்ட் எடுத்தால் போதும். ஆனால் நின்ற நேரத்தில் இடுப்பு இறுகிவிட்டது. செர்வ் போட உடம்பை வளைத்தவன் பாதியில் கையைத் தொங்கப்போட்டான். பந்து வலைக்குக்கூடப் போகவில்லை. இன்னொன்று. அது வலையில். அப்புறம் அவன் செய்ததைப் பார்த்து மாடியில் யாரோ சிரித்தார்கள். பந்தை இடுப்புக்குக் கீழே வைத்து, கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி கீழ்க்கையால் தட்டிவிட்டான். ராமிரோ ஓடிவந்து அடித்தான். ஐந்து, ஐந்து.

"விட்டுரு மாப்ளே, உட்காந்துரு" என்றான் செகுந்தோ. கத்தவில்லை, பக்கத்தில் இருப்பவனிடம் பேசுகிற குரலில் சொன்னான்.

எலிசேயோ உட்காரவில்லை. எட்டாது என்று தெரிந்த பந்துக்கெல்லாம் போனான். ஒருமுறை விழுந்தான். எழுந்திருக்க மட்டையை ஊன்றினான், மட்டை வளைந்தது. நான் கம்பிவலையில் முகத்தை அழுத்திக்கொண்டு, "மாதாவே, ஒரு பாயிண்ட், ஒரே ஒரு பாயிண்ட்" என்று முனகினேன். யாரிடம் கேட்கிறேன் என்றுகூடத் தெரியவில்லை. ராமிரோ அவனைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே ஆடினான். சீக்கிரம் முடித்துவிடவேண்டும் என்று அவனுக்கு. ஏழுக்கு ஐந்தில் முடிந்தது.

கை குலுக்கும்போது ராமிரோ ஏதோ சொன்னான். எலிசேயோ தலையை ஆட்டினான். என்ன சொன்னான் என்று பிறகு கேட்டேன். "மன்னிச்சுக்கங்கன்னான். எதுக்குன்னு அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

அடுத்த ஆட்டம் அதே களத்தில். களத்தைத் தயார் செய்யவேண்டியது எலிசேயோவின் வேலை. வேர்வை காயாத சட்டையோடு கொட்டகைக்குப் போய், கயிற்றுப் பாயை எடுத்துவந்தான். இரண்டு முனைக் கயிற்றையும் தோளில் மாட்டிக்கொண்டு, நொண்டி நொண்டி அதை இழுத்தான். அவனுக்குப் பின்னால் எல்லாத் தடமும் அழிந்துகொண்டே வந்தது.

செகுந்தோ கம்பிக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அடிக்கத்தான் போகிறான் என்று நான் பின்னால் ஓடினேன்.

"அந்தக் காலை வெட்டி அடுப்புல போடணும்டா" என்றான். "போன வருஷம் என் கை வெந்துச்சு. உனக்கு என்னடா வெந்துச்சு? சொல்லு, என்ன வெந்துச்சு?"

"ஒண்ணும் வேகலை மச்சான்."

"பேசாதே." கயிற்றின் ஒரு முனையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். "தள்ளு. நீ இழுக்கற லட்சணத்துக்குப் பொழுது போயிடும்."

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. வேலை முடிந்து நாங்கள் ஐந்தாறு பேர் மட்டையோடு போனோம். எலிசேயோ வரவில்லை. அவன் படுத்த இடத்தை விட்டு எழவில்லை. கடைசிக் களத்தின் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. உள்ளே யாரும் ஆடவும் இல்லை. சும்மா பூட்டியிருந்தது.

வக்கீல் அமில்காரே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "வருத்தமாத்தான் இருக்கு தெல்ஃபினா. நல்லா ஆடினான் உன் தம்பி. ஆனா எழுதினது எழுதினதுதானே? இடம் இருக்கற வரைக்கும்தான் திங்கட்கிழமை. இடம் நேத்தோட போச்சு."

"சரிங்கய்யா. அப்ப தூளு?"

"எந்தத் தூளு?"

"வெயில் காலத்துல நாங்க இடிச்சு அனுப்பினது. இந்த வருஷத்துக்கானது போன வருஷமே வந்துடுச்சு. இப்ப கொட்டகைக்குப் பின்னால கிடக்கறது வரப்போற வருஷத்துக்கு. மழைக்கு முன்னாடியே அனுப்பச் சொல்லி நீங்கதான் ஆள் விட்டீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொடுத்தது கொடுத்ததுதானேம்மா. அதைத் திருப்பி எப்படி அள்றது?"

"வண்டி கொண்டு வர்றோம். நாங்களே அள்ளிக்கறோம்."

"அப்ப அடுத்த வருஷம் போட்டி எதுல நடக்கும்?" உண்மையாகவே புரியாதவர்போல என்னைப் பார்த்தார். "இந்தப் போட்டி ஒரு வருஷம்கூட நின்னதில்லை தெல்ஃபினா. உனக்குத் தெரியாததா?"

கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். கதவைத் திறக்கப்போகிறார் என்று ஒரு நொடி நினைத்தேன். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கு அப்புறம் எட்டுத் திங்கட்கிழமை போய்விட்டது. எலிசேயோ எழுந்து நடக்கிறான், கல் அடுக்குகிறான், காலையில் கிளப்பில் கூட்டவும் கூட்டுகிறான். அந்தக் கடைசிக் களத்தையும் கூட்டுகிறான். யாரும் ஆடாத களத்தில் தடம் ஏது என்று கேட்டால், பறவைக் கால் என்கிறான்.

நாற்பது வண்டித் தூள் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. அதில் என் கை இடித்ததும் உண்டு. அதற்கு ஈடாகப் போட்டியில் ஓர் இடமும், ஒரு வருஷத்துத் திங்கட்கிழமைகளும் கிளப் எங்களுக்குத் தரவேண்டும். இன்னும் தரவில்லை.